டென்மார்க்குக்குப் போகும் அம்மா அப்பாக்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஐரோப்பியப் பயணக் கட்டுரையைப் படித்தேன். பன்னிரண்டு நாளில் பல நாடுகளைச் சுற்றி வருவது எப்படி என்று சொல்லும் அந்தக் கட்டுரையில் டென்மார்க்குக்குக் கிடைத்தது நான்கே வரி. தலைநகர் கோபன்ஹேகனில் கடற்கன்னி சிலையருகே படம் எடுத்துக்கொள்ளலாம், அரை நாள் போதும், கையில் யூரோ இருக்கட்டும், சைவம் சாப்பிடுகிறவர்கள் ரொட்டியும் பழமும் கட்டிக்கொண்டு போவது நல்லது. அவ்வளவுதான். சிலை இருப்பது உண்மை. மற்ற மூன்றும் என் அனுபவத்துக்கு ஒத்துவரவில்லை.

2025 மே 6 முதல் ஜூலை 31 வரை 87 நாள் நானும் என் வீட்டுக்காரரும் அந்த நாட்டில் இருந்தோம். மகளின் தலைப்பிரசவத்துக்காகப் போனோம். நான் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவர். என் தெருவில் மட்டும் நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஐரோப்பாவில் வேலை பார்க்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவர்கள் யாரும் பன்னிரண்டு நாள் சுற்றுலா போகிறவர்கள் இல்லை. மகளுக்குப் பிரசவம், பேரனுக்குக் காதுகுத்து என்று இரண்டு மூன்று மாதம் போய்த் தங்குகிறவர்கள். அவர்களுக்கு உதவும்படி எந்தப் பத்திரிகையும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன். சுருக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

போன முதல் இருபத்தைந்து நாள் நாங்கள் வாசலைத் தாண்டியது மருத்துவமனைக்கு மட்டும்தான். குழந்தை பிறந்தது, மகளுக்குப் பத்தியச் சமையல், துணி மடிப்பது என்று பொழுது போனது. அப்புறம் ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பூங்காவில் கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவரைச் சந்தித்தேன். மகன் வீட்டுக்கு வந்து எழுபது நாள் ஆகிறது என்றார். என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "சனிக்கிழமை காரில் கூட்டிப் போவான் கண்ணு. மற்ற நாளில் இந்தப் பூங்காதான். பஸ்ஸு, ரயிலு எல்லாம் நமக்கு எங்கே தெரியும், பாஷையும் தெரியாது" என்றார். கல்லூரியில் படித்தவர், ஊரில் தனியாக பேங்க்குக்குப் போய் வருகிறவர். இன்னும் பத்து நாளில் ஊர் திரும்பப் போகிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்கு உலக வரைபடத்தைக் காட்டிவிட்டு, அந்த வரைபடத்துக்குள்ளேயே வந்து நின்றபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதா?

மகள் குடியிருப்பது கோபன்ஹேகனில் நோரபுரோ என்ற பகுதியில். அங்கே ஓடும் மெட்ரோவின் எம்3 பாதை ஒரு வட்டம். 2019 செப்டம்பரில் திறந்தது. 17 நிலையங்கள். ஏறிய இடத்துக்கே சுமார் 24 நிமிடத்தில் திரும்பிவிடும். வண்டியில் ஓட்டுநர் கிடையாது, எல்லாம் தானியங்கி. மகளிடம் 24 மணி நேரச் சீட்டு ஒன்று கைப்பேசியில் வாங்கித் தரச் சொன்னேன். "எங்கே போகப் போறீங்க?" என்றாள். "எங்கேயும் இல்லை. ஏறிச் சுற்றிவிட்டு இங்கேயே வந்து இறங்கப் போகிறோம்" என்றேன். வட்டத்தில் யாரும் தொலைந்துபோக முடியாது இல்லையா?

இருவரும் முதல் பெட்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்தோம். ஓட்டுநர் அறை இல்லாததால் முன்கண்ணாடி வழியே சுரங்கம் நேராக நம்மை நோக்கி வருவதுபோல இருக்கும். ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வீட்டுக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பதினேழாவது பெயர் எழுதி முடித்தபோது எங்கள் நிலையம் வந்துவிட்டது. அவர் இறங்கவில்லை. "இன்னொரு சுற்று போவோம்" என்றார். மறுநாள் நடுவில் ஒரு நிலையத்தில் இறங்கி, மேலே போய்த் தெருவைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறினோம். ஒரு வாரத்தில் ஊர் கைக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் வீட்டில் பயந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: முதல்நாள் எங்கேயும் போக வேண்டாம், வட்டத்தை ஒரு முறை சுற்றி வாருங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில நிலையங்களில் அதே தண்டவாளத்தில் எம்4 வண்டியும் வரும். அது வட்டம் இல்லை. வண்டியின் நெற்றியில் எம்3 என்று இருக்கிறதா பார்த்து ஏறுங்கள்.

விமான நிலையத்திலிருந்து வருவதற்கும் டாக்சி தேவையில்லை. எம்2 மெட்ரோ அங்கிருந்தே கிளம்புகிறது. கால் மணி நேரத்தில் நகரின் நடுவில் உள்ள கொங்கென்ஸ் நியூடோர் நிலையம். அங்கே எம்3க்கு மாறிக்கொள்ளலாம். மெட்ரோ இரவு பகல் 24 மணி நேரமும் ஓடுகிறது. நிலையங்களில் டிக்கெட் பார்த்து உள்ளே விடும் கதவு எதுவும் கிடையாது. அதை நம்பிச் சீட்டில்லாமல் ஏறிவிடக் கூடாது, பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் கடுமை. ரைசகோர்ட் என்று ஒரு பயண அட்டை உண்டு. நாங்கள் இருந்தபோதே அது கைப்பேசிச் செயலிக்கு மாறிவந்தது. அப்போது அட்டையாக வைத்திருந்தவர்கள் ஏறும்போது ஒருமுறை, இறங்கியபின் ஒருமுறை நீலப் பொறியில் காட்ட வேண்டியிருந்தது. இறங்கியபின் காட்ட மறந்தால் பணம் கூடுதலாகப் போனது. நகரத்துக்குள் நிறையச் சுற்றுகிற நாளில் 24 மணி, 72 மணி என்று கிடைக்கும் சிட்டி பாஸ்தான் தலைவலி இல்லாதது.

அதே சீட்டில் மஞ்சள் நிறத் துறைமுகப் படகும் உண்டு என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைப் பேருந்தாகவே கணக்கு வைத்திருக்கிறார்கள். படகுச் சவாரிக்கென்று தனியாகக் காசு கொடுத்துப் போகிறவர்கள் போகட்டும், நாங்கள் இந்தப் படகில்தான் ஆறேழு தடவை போனோம். கருங்கல் பளபளப்போடு நீரின் மேல் சாய்ந்து நிற்கும் அரச நூலகத்தின் புதுக் கட்டடம் அந்த வழியில் வரும். உள்ளே போக யாரும் காசு கேட்பதில்லை. கால் வலித்தால் அங்கே போய் உட்காரலாம், கழிப்பறையும் உண்டு. வயதானவர்களுக்கு இதுதானே முதல் கவலை. பொதுவாகவே அந்த ஊர் நூலகங்களை நம்பி வெளியே கிளம்பலாம்.

சரி, பணத்துக்கு வருகிறேன். டென்மார்க் 1973 முதல் ஐரோப்பியக் கூட்டமைப்பில் இருக்கிறது. ஆனால் யூரோ வேண்டாம் என்று 2000 செப்டம்பரில் மக்கள் வாக்களித்து முடிவு செய்தார்கள். அங்கே டேனிஷ் குரோனர்தான். நாங்கள் இருந்தபோது ஒரு குரோனருக்குச் சுமார் 13 ரூபாய். ஊரில் பணம் மாற்றிக் கொடுத்தவர் "யூரோ இருந்தால் போதும், எங்கும் செல்லும்" என்று சொல்லி யூரோவாகவே தந்தார். சில கடைகள் யூரோவை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் அவர்கள் வைக்கும் மாற்று விலையில் நமக்குத்தான் நஷ்டம், மீதிச் சில்லறையும் குரோனரில்தான் வரும். கடைசியில் மாப்பிள்ளை அதை மாற்றிக் கொடுத்தார், இரண்டு முறை தரகு போனது. வங்கி அட்டை எல்லா இடத்திலும் செல்லும், அதனால் ரொக்கம் கொஞ்சமாகப் போதும். இன்னொன்று, 1000 குரோனர் நோட்டு 2025 மே 31க்குப் பிறகு செல்லாது. இனி 500தான் பெரிய நோட்டு. நம்மூரில் யாராவது பழைய 1000 நோட்டை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்கிவிடாதீர்கள். காசுகளில் 1, 2, 5 குரோனர் மூன்றிலும் நடுவில் ஓட்டை இருக்கும். என் மாமியார் சுருக்குப்பையில் கடைசிவரை வைத்திருந்த ஓட்டைக் காலணா நினைவுக்கு வந்தது.

நடக்கும்போது கவனிக்க வேண்டியது கார் இல்லை, சைக்கிள். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே சைக்கிளுக்கென்று தனிப் பாதை. கோட்டுசூட்டுப் போட்டவர்கள், வண்டியில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்துக்கொண்ட தாய்மார்கள் எல்லாம் அதில் வேகமாகப் போவார்கள். நமக்கு அது நடைபாதை மாதிரியே தெரியும். சில நிறுத்தங்களில் பேருந்திலிருந்து இறங்கினால் கால் வைப்பதே சைக்கிள் பாதையில்தான். இடம் வலம் பார்க்காமல் இறங்கக் கூடாது. வெளியே சுற்றக் கிளம்பிய மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் அந்தப் பாதையில் நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மயிரிழையில் தப்பினார். கையை உயர்த்தினால் நிற்கப் போகிறேன் என்று அர்த்தம், பின்னால் வருகிறவர் புரிந்துகொள்வார். சிவப்பு விளக்கு எரிந்தால், சாலையில் ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் எல்லாரும் நின்றுதான் கடக்கிறார்கள். நாமும் நிற்பதுதான் மரியாதை.

மருந்துக் கடை, ரொட்டிக் கடை எதற்குப் போனாலும் வாசலில் நம்பர் சீட்டு தரும் பொறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை எடுத்துக்கொண்டு நம் எண் வரும்வரை நிற்க வேண்டும். நாங்கள் போன முதல் கடையில் சீட்டு எடுக்காமல் இருபது நிமிடம் நின்றோம். பேச்சு ஒரு தடையே இல்லை. சின்னப் பிள்ளைகளையும் மிகவும் வயதானவர்களையும் தவிர எல்லாருக்கும் ஆங்கிலம் வருகிறது. பள்ளிக்கூட ஆங்கிலம் போதும். "ஹை" என்றால் வணக்கம், அதையே இரண்டு தடவை சொன்னால் போய்வருகிறேன். "டக்" என்றால் நன்றி. சார், மேடம் என்று அழைப்பது கிடையாது. மகள் தன்னைப் பார்க்க வந்த மருத்துவரையே பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். எனக்கு அது கடைசிவரை வாயில் வரவில்லை, ஆனால் அவர்கள் அதில் மரியாதைக் குறைவு பார்ப்பதில்லை.

சைவச் சாப்பாட்டைப் பற்றித்தான் அந்தக் கட்டுரைமேல் எனக்கு வருத்தம் அதிகம். பால் வளம் நிறைந்த நாட்டில் சைவருக்கு என்ன குறை? தயிருக்குப் பதிலாக டூக்மெல்க் என்று ஒன்று அட்டைப் பெட்டியில் வருகிறது. பெயருக்கு கெட்டிப்பால் என்று பொருள், உண்மையில் இளந்தயிர். தயிர்சாதத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. வெண்ணெயில் பெரும்பாலும் உப்புப் போட்டிருப்பார்கள். உறையில் "உசால்டெட்" என்று எழுதியதைப் பார்த்து வாங்கினால் உப்பில்லாதது. அதை நானே உருக்கி மகளுக்கு நெய் எடுத்தேன், ஊர் நெய்யின் மணம் அப்படியே வந்தது. கம்பங்களி நிறத்தில் இருக்கும், ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டி முதலில் புளிக்கும், நான்காம் நாள் பிடித்துவிடும். கோடையில் கோல்ட்ஸ்கோல் என்று சர்க்கரை, எலுமிச்சை, வெனிலா சேர்த்த குளிர்ந்த மோர் குடிக்கிறார்கள். முட்டை சேர்ப்பது உண்டு, கேட்டுக்கொண்டு குடியுங்கள். நோரபுரோ கடைகளில் துவரம்பருப்பு, புளி, பச்சைமிளகாய் எல்லாம் கிடைத்தது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்கத் தேவையே இல்லை. வாங்கினால் காலி பாட்டிலை எறிந்துவிடாதீர்கள். விலையில் ஒரு குரோனர் முதல் மூன்று குரோனர் வரை வைப்புப் பணம் சேர்ந்திருக்கும். கடையில் உள்ள பொறியில் பாட்டிலைப் போட்டால் அது திரும்ப வரும்.

இங்கிருந்து எடுத்துப் போவதில் எச்சரிக்கை வேண்டும். இறைச்சியோ பாலோ சேர்ந்த எந்தப் பொருளையும் நம் நாட்டிலிருந்து பெட்டியில் கொண்டுபோகக் கூடாது என்பது ஐரோப்பியக் கூட்டமைப்பின் சட்டம். நெய், பால்கோவா, திரட்டுப்பால் எல்லாமே இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் முருங்கைக் கீரையும் செடிநோய் இல்லை என்ற அரசுச் சான்று இல்லாமல் போகாது. காயவைத்துப் பொடித்த கறிவேப்பிலைப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி இவற்றைத்தான் நான் கொண்டுபோனேன். கைப்பேசி சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் அங்கே பொருந்தும், நம் தடித்த மூன்று முள் மிக்சி பொருந்தாது. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளைத் தங்கும் காலம் முழுவதற்கும் மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள். அங்கே சீட்டில்லாமல் மருந்துக் கடையில் தரமாட்டார்கள். அவசரத்துக்கு எண் 112. உயிருக்கு ஆபத்தில்லாத அவசரமென்றால் கோபன்ஹேகன் பகுதியில் 1813ஐ முதலில் கூப்பிட்டுவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போக வேண்டும், நேராகப் போய் நிற்கக் கூடாது.

விசா பற்றி இரண்டு வார்த்தை. இது ஷெங்கன் விசா, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். நாங்கள் 87 நாளோடு நிறுத்தியது அதனால்தான். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிப் பதினைந்து நாளுக்குள் விண்ணப்பிக்க முடியாது. கோடைக் கூட்டத்தை நினைத்து மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கிரீன்லாந்தும் பரோ தீவுகளும் டென்மார்க் அரசின் கீழ் இருந்தாலும் இந்த விசாவில் தனியாகக் குறிப்பிட்டிருந்தால்தான் அங்கே போகலாம். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதை விட்டு, கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை தொடங்கியிருக்கிறது. இனிப் போகிறவர்கள் வரிசையில் சற்று நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிறது. விடியல் நாலரைக்கு முன்பே. திரைச்சீலையை இறுக்கமாக மூடாவிட்டால் தூக்கம் வராது. ஜூன் 23 இரவு கடற்கரையில் பெரிய சொக்கப்பனை கொளுத்திப் பாட்டுப் பாடினார்கள், பேரனைத் தூக்கிக்கொண்டு நாங்களும் போனோம். டிசம்பரில் போகிறவர்களுக்கு நேர்மாறு, மாலை மூன்றே முக்காலுக்குள் இருட்டிவிடும். என்னைக் கேட்டால் மே, ஜூன்தான் போகும் மாதம். அப்போதும் காற்று உண்டு. குடை திரும்பிக்கொள்ளும், தலைமூடி வைத்த மழைக்கோட்டே மேல். அப்புறம், ஜூன் 5 அவர்களின் அரசியலமைப்பு நாள், பெரிய கடைகள் மூடியிருக்கும். அன்று பால் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினோம். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.

இனி நான் எழுத ஆசைப்பட்ட இடம். பொறையாரிலிருந்து தரங்கம்பாடி நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. ஒவ்வொரு வருஷமும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை டேனிஷ் கோட்டைக்கு நடத்திக் கூட்டிப்போவேன். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டு அந்தக் கோட்டை எழுந்தது, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்த மன்னர் எனக்கு அதுவரை பாடப்புத்தகத்துப் பெயர். கோபன்ஹேகனில் திரும்பிய இடமெல்லாம் அவர் கட்டியது. ரோசன்போர்க் அரண்மனை அவருடையது. வட்டக் கோபுரம் அவர் காலத்தில் 1642இல் முடிந்தது. அதில் ஏறுவதற்குப் படிகளுக்குப் பதில் உள்ளே சுழன்று சுழன்று போகும் செங்கல் சரிவுதான். முழங்கால் வலிக்காரரான என் வீட்டுக்காரர் மெல்ல நடந்து ஏறிவிட்டார், உச்சியில் மட்டும் சில படிகள். அந்த மன்னர் கட்டிய பழைய பங்குச் சந்தைக் கட்டடம் 2024 ஏப்ரல் 16இல் தீப்பிடித்து, நான்கு டிராகன்களின் வால் முறுக்கிய கோபுரம் சரிந்துவிட்டது. சாரம் கட்டித் திருப்பிக் கட்டுகிறார்கள். கால்வாய்க்கு அக்கரையில் ஆசியாட்டிஸ்க் பிளாட்ஸ் என்று ஒரு இடம். தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிய ஆசியக் கம்பெனியின் கட்டடமும் சரக்கு மனையும் அங்கே நிற்கின்றன. ரகுநாத நாயக்கர் தமிழில் பொன்னேட்டில் எழுதியனுப்பிய கடிதம் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ரயிலில் இருபத்தைந்து நிமிடம் போனால் ரோஸ்கில்டே. அங்குள்ள செங்கல் தேவாலயம் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. டென்மார்க்கின் மன்னர்களும் ராணிகளும் நாற்பது பேர் வரை அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒரு தூணில் அரசர்களின் உயரத்தைக் கோடு போட்டுக் குறித்திருக்கிறார்கள், வீட்டுச் சுவரில் பிள்ளைகளை நிறுத்திக் கோடு போடுவோமே, அதுபோல. நான்காம் கிறிஸ்தியானின் பேழை ஒரு பக்கச் சிற்றாலயத்தில் இருக்கிறது. அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். எங்கள் ஊர்க் கடற்கரையில் உப்புக்காற்று அரிக்கும் அந்தக் கோட்டைக்கு ஆணையிட்டவர் இவர். அவர் அந்தக் கோட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், என் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். காவலுக்கு நின்ற பெண்மணியிடம் "நான் தரங்கம்பாடிப் பக்கத்துக்காரி" என்றேன். "டிரான்கெபார்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தரங்கம்பாடிக்கு அங்கே அந்தப் பெயர், பள்ளியில் படித்ததாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் வைக்கிங் என்ற பழங்காலக் கடலோடிகளின் கப்பல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1962இல் கடலடியிலிருந்து எடுத்த ஐந்து கப்பல்கள், பேரப்பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

வடக்கே முக்கால் மணி நேரத்தில் ஹெல்சிங்கோர், குரோன்போர்க் கோட்டை. அந்தக் குறுகிய நீரிணையில் போகும் கப்பல்களிடம் 1857 வரை சுங்கம் வாங்கினார்கள். நாலு கிலோமீட்டருக்கு அப்பால் சுவீடன் கரை கண்ணுக்குத் தெரியும், படகில் இருபதே நிமிடம். அதே விசாவில் போய் வரலாம். கடவுச்சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

கடைசியாக பிராண்டே. இலங்கைத் தமிழர்கள் எண்பதுகளிலிருந்து யூட்லாந்து தீபகற்பத்தில் குடியேறினார்கள். பிராண்டே என்ற சின்ன ஊருக்கு வெளியே அவர்களுக்கு அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது, ஹெர்னிங்கில் விநாயகர் கோயில். திருக்கடையூர் அபிராமியை வாரம் தவறாமல் கும்பிடுகிற எனக்கு, அவள் பெயரில் அங்கே ஒரு சன்னதி என்று தெரிந்ததும் போகாமல் இருக்க முடியவில்லை. ஜூலையில் ஒருநாள் விடியற்காலை நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். கோபன்ஹேகன் மத்திய நிலையத்தில் ஏறி வைலேயில் இறங்கி ஹெர்னிங் போகும் வண்டிக்கு மாற வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பல நாள் முன்பே வாங்கினால் ஆரஞ்சுச் சீட்டு என்று விலை குறைந்தது கிடைக்கும், அந்த வண்டிக்கு மட்டும் செல்லும். இருக்கைப் பதிவு கட்டாயமில்லை. அமைதிப் பெட்டி என்று எழுதியிருந்தால் அதில் உட்கார்ந்து போன் பேசாதீர்கள்.

வழியில் பெரிய பெல்ட் நீரிணை. ரயில் முதலில் கடலுக்கடியில் சுரங்கத்தில் இறங்கி, நடுவில் ஸ்புரோகே என்ற குட்டித் தீவில் வெளியே வந்து, மீதிக் கடலைப் பாலத்தில் கடக்கிறது. 18 கிலோமீட்டர். 1997இல் ரயில் ஓடத் தொடங்கியது. பாம்பன் பாலத்தில் போகும்போது வரும் அதே குளிர்ச்சி அடிவயிற்றில். அதன்பின் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயலும் காற்றாலையும்தான். இந்த நாட்டில் மலையே கிடையாது. இயற்கையான உச்சி எதுவென்றால் கடல்மட்டத்திலிருந்து 171 மீட்டர்கூட முழுசாக இல்லை.

பிராண்டே நிலையத்தில் இறங்கியபோது கோயிலுக்குப் போகும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் எங்களைப் பார்த்துவிட்டது. "அம்மா, இந்தியாவில இருந்தோ? வாங்கோ, காரில இடம் இருக்கு" என்று கூட்டிப் போனார்கள். சிறிய கோயில், சுற்றிலும் வயல். அபிராமி அந்தாதியை ஒரு சின்னப் பெண் டேனிஷ் வாடையடிக்கும் தமிழில் பிழையில்லாமல் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பக் கிளம்பினோம். "சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்று நிறுத்தி, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டார்கள். இரவு ஒன்பதரைக்கு வெயில் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தோம். மகள் வாசலில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் கோயம்புத்தூர் அம்மாவை அவர் ஊர் திரும்ப இருந்த வாரத்தில் எங்களோடு எம்3 வட்டத்தில் கூட்டிப்போனேன். முன் இருக்கையில் அவரை உட்கார வைத்தோம். மூன்று தடவை சுற்றினார். "இது தெரிஞ்சிருந்தா எழுபது நாள் இப்படிப் போயிருக்காதே கண்ணு" என்று என் கையைப் பிடித்தார்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் பயணப் பக்கத்தில் வாரம் ஒரு நாடாக, பிள்ளைகள் வீட்டில் தங்கப் போகும் பெற்றோருக்கென்றே ஒரு பகுதி தொடங்க வேண்டுகிறேன். எந்த நிலையத்தில் ஏறுவது, எந்தச் சீட்டு வாங்குவது, எங்கே உட்காரலாம், எந்தப் பால் தயிராகும் என்று போய் வந்தவர்கள் எழுதட்டும். டென்மார்க்கைப் பற்றி நான் எழுதித் தருகிறேன். என் வீட்டுக்காரரின் நோட்டில் பதினேழு நிலையங்களின் பெயரும், செலவுக் கணக்கும், வண்டி நேரங்களும் இருக்கின்றன. யூரோ செல்லும் என்று போட்டதை மட்டும் அடுத்த ஞாயிறே திருத்திவிடுங்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு குடும்பம் வரும் மாதம் கிளம்புகிறது, இந்தப் பத்திரிகையைத்தான் அவர்கள் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
பொறையார், மயிலாடுதுறை மாவட்டம்.